முன்பதிவு செய்த இடத்தில் வேறொருவர் இருந்தால்: மேட்டுப்பாளையம் இரவு ரயிலும் நம் மலை ரயிலும்

குன்னூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தீபாவளி முடிந்து சென்னையிலிருந்து குடும்பத்துடன் இரவு ரயிலில் திரும்பியிருக்கிறார்கள். கையில் உறுதியான படுக்கை டிக்கெட். ஆனால் அவர்கள் இடத்தில் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சேலம் தாண்டும் வரை பரிசோதகர் எட்டிப் பார்க்கவில்லை. விடிந்ததும் மலை ரயிலில் ஏறினால், அங்கும் அவர்கள் எண்ணில் வேறொரு குடும்பம். "சண்டை போட மனம் வரவில்லை, விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை. பொங்கலுக்கு மறுபடியும் சென்னை போய்வர வேண்டும், மாமியாருக்கு முழங்கால் வலி. என்ன செய்வது?" என்பது கேள்வி.

முதலில் மனத்தில் இருக்கும் தயக்கத்தை எடுத்து வைத்துவிடுங்கள், அம்மா. உங்கள் பெயரில் ஒதுக்கப்பட்ட படுக்கையைக் கேட்டு வாங்குவதில் சண்டைக்காரத்தனம் எதுவும் இல்லை. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 155-ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. தனக்கு ஒதுக்கீடு இல்லாத முன்பதிவுப் பெட்டியில் ஏறியவரும், இன்னொருவர் இடத்தில் அமர்ந்துகொண்டு எழ மறுப்பவரும் அதன்படி வெளியேற்றப்படலாம். 500 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளியேற்றும் அதிகாரம் ரயில்வே ஊழியருக்குத்தான், நமக்கு இல்லை. நீங்கள் யாரையும் கையைப் பிடித்து எழுப்ப வேண்டியதில்லை, எழுப்பவும் கூடாது. உரியவரை உரிய நேரத்தில் வரவழைப்பதுதான் உங்கள் வேலை. மலையிலிருந்து கீழே போய்வரும் நம் ஆட்கள் பலர் இதில்தான் தோற்கிறார்கள். ஒன்று, விடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். இல்லையென்றால் எடுத்த எடுப்பிலேயே குரலை உயர்த்திவிடுவார்கள்.

கேட்பதற்கு முன் ஒரு நிமிடம் உங்கள் டிக்கெட்டைச் சரிபாருங்கள். ஏனென்றால் எதிரில் இருப்பவரிடமும் செல்லுபடியாகும் டிக்கெட் இருக்கக்கூடும். நீங்கள் ஏ.சி. மேம்பாட்டுக்குச் சம்மதம் தெரிவித்து முன்பதிவு செய்திருந்தால், மேல் வகுப்பில் இடம் காலியாக இருக்கும்போது, யாருக்கு எந்த இடம் என்ற இறுதிப் பட்டியலான சார்ட் தயாராகும் நேரத்தில் உங்களை அங்கே மாற்றிவிடுவார்கள். எஸ்-4 போன்ற ஸ்லீப்பர் பெட்டியில் இருந்த உங்கள் பழைய படுக்கை காத்திருந்த ஒருவருக்குப் போயிருக்கும். அது தெரியாமல் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாடினால் நியாயம் அவர் பக்கம்தான். எனவே சார்ட் தயாரான பிறகு பிஎன்ஆர் எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள். குறுஞ்செய்தி வரும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

தேதிக் குழப்பம் இதைவிட அதிகம். சென்னையில் இரவு 9 மணிக்கு மேல் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் சேலத்தைத் தொடும்போது நள்ளிரவு கடந்துவிடும். சேலத்தில் ஏறுபவருக்கு 12-ஆம் தேதி என்று டிக்கெட் இருந்தால், 11-ஆம் தேதி இரவு தூங்காமல் நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும். அவரோ 12-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாக வருவார். அதே பெட்டி, அதே எண், ஆனால் ரயில் ஒரு நாள் முன்பே போய்விட்டது. பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, கைப்பேசி வெளிச்சத்தில் தன் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எண் சரியாகத்தானே இருக்கிறது" என்று முணுமுணுத்த ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் படுக்கைப் பெண் எழுந்து வந்து, தேதியைக் காட்டி மெதுவாகச் சொன்னாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு, இடத்தில் உட்கார்ந்திருப்பவர் எல்லோரையும் அடாவடிக்காரர் என்று நினைக்க எனக்கு மனம் வருவதில்லை.

பண்டிகைக் கூட்டத்தில் பெரும்பாலோர் இந்த வகையினர் இல்லை என்பதும் உண்மை. அவர்கள் பொதுப் பெட்டி டிக்கெட்டுடனோ காத்திருப்போர் பட்டியல் டிக்கெட்டுடனோ ஏறியவர்கள். இணையத்தில் எடுத்த காத்திருப்பு டிக்கெட், சார்ட் தயாரான பிறகும் உறுதியாகவில்லை என்றால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதைக் காட்டிப் பயணம் செய்பவர் டிக்கெட் இல்லாதவராகவே கருதப்படுவார். கவுன்டரில் எடுத்த காத்திருப்புச் சீட்டு கையில் இருந்தாலும் முன்பதிவுப் பெட்டியில் ஏற உரிமை கிடையாது. ஆர்.ஏ.சி. வேறு. அது செல்லுபடியாகும் டிக்கெட். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இரண்டு பேர் இருக்கையாகப் பகிர்ந்துகொண்டு வரலாம், யாராவது வராமல் போனால் முழுப் படுக்கை கிடைக்கும். உங்கள் எதிரில் இருக்கும் அந்த இருவரைப் பார்த்து "ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்" என்று கேட்டுவிடாதீர்கள். பாதி இடத்துக்கு முழுக் கட்டணம் கொடுத்துவிட்டு வருபவர்கள் அவர்கள்.

சரி, உங்கள் எண் உறுதி, உட்கார்ந்திருப்பவருக்கு ஒதுக்கீடு இல்லை என்றும் தெரிந்துவிட்டது. ரயில் கிளம்பும் முன்பே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். "தம்பி, 33, 34, 36 எங்களுடையது. மாமியாரால் நிற்க முடியாது, கொஞ்சம் எழுந்துகொள்ளுங்கள்" என்றால் பத்தில் எட்டு பேர் எழுந்துவிடுவார்கள். எழாதவர் ஒரு தவணை கேட்பார். "காட்பாடி வரைக்கும்தான் அக்கா." காட்பாடி வந்ததும் அது ஜோலார்பேட்டை ஆகும், பிறகு சேலம் ஆகும். முதல் தவணைக்குச் சம்மதித்துவிட்டால் அடுத்ததற்கு மறுப்பது கடினம். ஆகவே ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பரிசோதகர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வரும் ஒருவர் உங்களிடம் வந்து சேர நள்ளிரவு ஆகலாம். நிலையத்தில் ரயில் நிற்கும்போதே, கையில் சிறு கருவியுடன் பெட்டி வாசலில் நிற்பவரிடம் போய்ச் சொல்லுங்கள். ஓடும் ரயில் என்றால் 139 எண்ணை அழையுங்கள், அல்லது ரயில்மதத் செயலியில் புகார் பதியுங்கள். பிஎன்ஆர் எண், பெட்டி எண், படுக்கை எண், அடுத்து வரும் நிலையம், இந்த நான்கையும் கொடுத்தால் போதும். வயதானவர் நிற்கிறார் என்றால் அதையும் சேருங்கள். புகார் எண் ஒன்று வரும், அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பெரிய நிலையத்தில் ரயில்வே பாதுகாப்புப் படையினர் ஏறிவந்து இடத்தை மீட்டுக் கொடுத்ததை நேரில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அப்படி நடக்கும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் பதியாத புகாருக்கு யாரும் வரப்போவதில்லை. கோபத்தில் அபாயச் சங்கிலியை மட்டும் இழுத்துவிடாதீர்கள். தக்க காரணமின்றி இழுத்தால் 141-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். இருக்கைத் தகராறைத் தக்க காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் தூங்கும் நேரம். அதற்கு முன் நடுப்படுக்கையை விரித்துவிட்டுக் கீழே இருப்பவரைக் குனிய வைக்கக் கூடாது. பத்துக்குப் பிறகு கீழ்ப்படுக்கையில் அரட்டைக்காக யாரும் உட்கார்ந்திருக்கவும் கூடாது. பத்து மணி வரை, கைக்குழந்தையோடு நிற்கும் ஒரு பெண்ணுக்கு ஓரத்தில் இடம் கொடுப்பதை நானும் செய்கிறேன், நீங்களும் செய்வீர்கள். அது நீங்களாகக் கொடுக்கும் இடமாக இருக்க வேண்டும்.

இங்கே மனத்தில் உள்ள ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் படுக்கையில் நெருக்கிக்கொண்டிருந்த அந்த ஐந்து பேர் எங்கே போயிருப்பார்கள்? நெடுந்தூர எக்ஸ்பிரஸ் ரயில்கள் பலவற்றில் பொதுப் பெட்டிகள் இரண்டு, மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு. ஒரு பெட்டியில் ஏறத்தாழ 100 இருக்கைகள். முன்பதிவில்லா டிக்கெட்டோ கவுன்டரில் கேட்பவருக்கெல்லாம் கிடைக்கும். இத்தனைதான் விற்கலாம் என்ற வரம்பு அதற்கு இல்லை. ஆனால் அதே 1989 சட்டத்தின் 57-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் அதிகபட்சம் எத்தனை பேரை ஏற்றலாம் என்று நிர்ணயித்து, அந்த எண்ணை இந்தியிலும் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும் என்கிறது. 2025 பிப்ரவரி 15 இரவு புது டெல்லி ரயில் நிலைய நெரிசலில் 18 பேர் இறந்த பிறகு, டெல்லி உயர் நீதிமன்றத்தில் இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி வழக்குத் தொடரப்பட்டது. வரம்பும் டிக்கெட் விற்பனையும் எப்படிக் கையாளப்படுகின்றன என்று நீதிமன்றம் ரயில்வேயை ஆராயச் சொன்னது. கழிப்பறை வாசலில் செய்தித்தாள் விரித்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, திருப்பூர் வரை அப்படியே உட்கார்ந்துவரும் பனியன் கம்பெனித் தொழிலாளியும் பணம் கொடுத்துத்தான் வருகிறார். உங்கள் இடத்தை உறுதியாகக் கேளுங்கள். கூடவே பொதுப் பெட்டிகளைக் கூட்டச் சொல்லியும் நாம் எல்லோரும் எழுத வேண்டும். இரண்டும் ஒரே கோரிக்கையின் இரண்டு பக்கங்கள் என்றே நான் நினைக்கிறேன். பொதுப் பெட்டியில் நிற்க இடமிருந்தால் உங்கள் பெட்டிக்கு ஏன் வரப்போகிறார்கள்?

மாமியாருக்குக் கீழ்ப்படுக்கை வாங்கும் வழி பலருக்குத் தெரிவதில்லை. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு தனியாக உண்டு. ஆனால் அது அவர்கள் தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவருடன் இருவராகவோ பயணம் செய்யும் டிக்கெட்டுக்குத்தான். குடும்பம் முழுவதையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீடு வராது. மாமனாரும் மாமியாரும் ஒரு டிக்கெட், நீங்களும் குழந்தைகளும் இன்னொரு டிக்கெட் என்று பிரித்து எடுங்கள். பெட்டி தள்ளிப் போகும் வாய்ப்பு உண்டு என்றாலும், முழங்கால் வலிக்காரரை மேல்படுக்கை ஏணியில் ஏற்றுவதைவிட அது மேல். அப்படியும் கீழே கிடைக்கவில்லை என்றால், கிளம்பிய பிறகு காலியாகும் கீழ்ப்படுக்கையை முதியவருக்கு ஒதுக்கப் பரிசோதகருக்கு அதிகாரம் இருக்கிறது. அவரிடம் நேரில் கேளுங்கள்.

முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளுக்குப் பதில் 60 நாள் முன்புதான் திறக்கிறது, காலை 8 மணிக்கு. பொங்கலையொட்டிய நாள்களுக்கு நவம்பர் நடுவிலேயே கதவு திறந்துவிடும். கடைசி நேர முன்பதிவான தட்கல், பயணத்துக்கு முந்தைய நாள் ஏ.சி. வகுப்புக்கு 10 மணிக்கும் மற்ற வகுப்புக்கு 11 மணிக்கும் திறக்கும். 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். அதைக் கடைசி நாளில் செய்யலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

நம் மலைக்காரர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் ஏறுவதாக டிக்கெட் எடுத்திருப்போம். அன்று பார்த்துப் பர்லியார் பக்கம் மரம் விழுந்திருக்கும், அல்லது மண் சரிந்து வண்டிகள் வரிசையாக நிற்கும். கோத்தகிரி வழியாகச் சுற்றி இறங்குவதற்குள் ரயில் போய்விடும். "பரவாயில்லை, கோயம்புத்தூரில் பிடித்துவிடலாம்" என்று காரை விரட்டிக்கொண்டு போவார்கள். மேட்டுப்பாளையத்தில் நீங்கள் ஏறவில்லை என்று பரிசோதகர் கருவியில் பதிந்துவிட்டால், அந்தப் படுக்கை ஆர்.ஏ.சி.யில் இருப்பவருக்குப் போய்விடலாம். கோயம்புத்தூரில் நீங்கள் ஏறும்போது அங்கே ஒருவர் நியாயமாகவே படுத்திருப்பார். மழைக்காலத்தில் சந்தேகம் இருந்தால், சார்ட் தயாராவதற்கு வெகு முன்பே ஏறும் நிலையத்தை இணையத்தில் கோயம்புத்தூருக்கு மாற்றிவிடுங்கள். ஆனால் மாற்றிய பிறகு மேட்டுப்பாளையத்தில் ஏறும் உரிமை போய்விடும்.

நடந்துமுடிந்ததற்கு நிவாரணம் வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2013-இல் நடந்த ஒரு பயணத்தில் முன்பதிவு செய்த கீழ்ப்படுக்கையைப் பிறர் ஆக்கிரமித்ததற்காக, டெல்லியைச் சேர்ந்த பயணி ஒருவருக்கு 75,000 ரூபாய் இழப்பீடு தரும்படி ரயில்வேக்கு உத்தரவானது. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுக்க வேண்டும். சேவைக்காக நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. அங்கே உங்களைக் காப்பாற்றப்போவது ஓடும் ரயிலில் பதிந்த அந்தப் புகார் எண்தான்.

இனி மலை ரயில். இங்கே இடத்துக்கு ஏன் இவ்வளவு தட்டுப்பாடு என்று புரிந்துகொண்டால் பாதி எரிச்சல் குறையும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் 46 கிலோமீட்டர். குன்னூர் வரை 1899-இலும் உதகை வரை 1908-இலும் ரயில் ஓடத் தொடங்கியது. கல்லாறு தாண்டியதும் பாதை செங்குத்தாகிறது; சில இடங்களில் 12 மீட்டர் நகர்ந்தால் ஒரு மீட்டர் உயரம். சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல்வைத்த இரும்புப் பட்டை பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே ஏறுகிறது. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்மேன் வெளியே நிற்பார். அந்த ஏற்றத்தில் மணிக்கு 13 கிலோமீட்டர்தான் வேகம். இப்படித் தள்ளிக்கொண்டு போகும் ரயிலில், கூட்டம் அதிகம் என்பதற்காக நான்கு பெட்டியைக் கூடுதலாகக் கோக்க முடியாது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு வெளியூர்க்காரர்களின் ஆசை இன்னும் கூடியது. 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு வரும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாகி, மறு ஆண்டு சீசனில் ஒரு நாளைக்கு 6,000, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. ரயிலிலும் அரசு பஸ்ஸிலும் வருபவருக்கு அந்தப் பாஸ் தேவையில்லை.

இந்தப் பெட்டிகளின் அமைப்பு வேறு. பழைய முறைப்படி ஒவ்வொரு அறைக்கும் வெளிப்புறம் தனிக் கதவு. உள்ளுக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துபோக வழியில்லை. பரிசோதகர் ஓடும் ரயிலில் உங்களிடம் வர முடியாது. ஆகவே இருக்கைத் தகராறு எதுவானாலும் மேட்டுப்பாளையம் நடைமேடையிலேயே, காலை 7.10-க்குக் கிளம்பும் முன் தீர்த்துக்கொள்ளுங்கள். இரவு ரயிலிலிருந்து இறங்கியதும் எல்லோரும் தேநீருக்கு ஓடுவார்கள். ஒருவராவது நேரே மலை ரயில் பெட்டிக்குப் போய் எண்ணைப் பார்த்து உட்காருங்கள். கதவு சாத்தி விசில் ஊதிவிட்டால் அடுத்த வாய்ப்பு வழியில் நிற்கும் இடத்தில்தான். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது எல்லோரும் இறங்குவார்கள். திரும்பி ஏறும்போது ஜன்னலோரம் கைமாறியிருக்கும். சிரித்துக்கொண்டே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். முதல்முறை வரும் குழந்தை ஜன்னலில் முகம் புதைத்துக்கொண்டிருந்தால், ரன்னிமேடு வரை நாம் விட்டுக்கொடுக்கலாம். நமக்கு அந்தப் பள்ளத்தாக்கு நாளையும் இருக்கிறது.

மாமியாருக்காக யோசித்தால், பொங்கல் திரும்புகையில் மலை ரயிலைத் தவிர்த்துவிடுங்கள். பெட்டிக்குள் கழிப்பறை இல்லை, மரப் பெஞ்சு போன்ற இருக்கையில் குன்னூருக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், கால் நீட்ட முடியாது. மேட்டுப்பாளையத்தில் இறங்கி பஸ்ஸிலோ காரிலோ ஏறினால் விரைவில் வீடு. ரயில் ஆசை இருந்தால் வேறொரு நாள், குன்னூரிலிருந்து உதகைக்குப் போகும் பாசஞ்சரில் அவரை அழைத்துப் போங்கள். அதற்கு முன்பதிவில்லா டிக்கெட்டும் கவுன்டரில் கிடைக்கும். பள்ளி விடும் நேரத்தையும் சீசன் சனி, ஞாயிறையும் தவிர்த்து, கிளம்ப அரை மணி நேரம் முன்னதாக நிலையத்துக்குப் போய்விட்டால் கேத்தி, லவ்டேல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து போகலாம்.